‘ஃப்ளாட்’ என்றொரு சொல்: தெற்கு அந்தமானின் மூழ்கிய வயல்களினூடே மிதிவண்டியில்

பாம்பூஃப்ளாட் என்ற பெயரைத் தமிழ்க் காதால் முதன்முறை கேட்பவருக்குப் பாம்புதான் நினைவுக்கு வரும். பெயருக்குள் இருப்பது மூங்கில். ‘பாம்பூ’ என்ற சொல் ஐரோப்பிய மொழிகளுக்கு மலாயிலிருந்து சென்றதா, கன்னடத்திலிருந்து சென்றதா என்பதில் அகராதியாசிரியர்களிடையே இன்னும் உடன்பாடில்லை. அந்த வழக்கை இங்கே விட்டுவிடுகிறேன். என் அக்கறை பெயரின் பிற்பாதியில் உள்ளது. சென்னையில் ‘ஃப்ளாட்’ என்றால் அடுக்குமாடி வீடு. கடலோடிகளின் ஆங்கிலத்தில் அது நீரோரத்துத் தாழ்ந்த தட்டைநிலம். ஓதம் ஏறும்போது மறைந்து, வடியும்போது தலைகாட்டும் சேற்றுப்பரப்பையும் அச்சொல் சுட்டும். மலையும் காடுமாகவே அறியப்பட்ட தெற்கு அந்தமானில் இப்படி ஒரு பெயர் ஏன் விழுந்தது, அந்தத் தட்டைநிலத்துக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதே இப்பதிவின் பொருள்.

நிலவரைபடத்தைப் பார்த்தால், போர்ட் பிளேர் துறைமுகம் கிழக்கிலிருந்து தீவுக்குள் ஆழமாக வெட்டிக்கொண்டு போகும் ஒரு நீர்க்கை. அதன் தென்கரையில் நகரமும் சாத்தம் தீவும். எதிரே வடகரையில் பாம்பூஃப்ளாட். படகில் சில நிமிடம். சாலை வழியாகப் போனால் வளைகுடாவின் மேற்கு முனையைச் சுற்றிக்கொண்டு பல பத்துக் கிலோமீட்டர் போக வேண்டும். அலுவலகம் செல்வோருக்கு அந்தச் சுற்று வீண்வேலை. மிதிவண்டி வைத்திருப்பவருக்கோ அதுவே வரம். பாம்பூஃப்ளாட், விம்பர்லிகஞ்ச், ஃபெர்ரார்கஞ்ச், சோல்தாரி, ஒக்ராபிராஜ், சிப்பிகாட், பிறகு நகரம், சாத்தம், மீண்டும் படகு என்று ஒரு வளையம் கிடைக்கிறது. அவசரப்படாமல் ஒரு பகலில் முடித்துவிடலாம். ஒன்று மட்டும்: இந்திய நேரப்படி இங்கே பொழுது விடிவதும் சாய்வதும் மிக முன்னதாக. குளிர்காலத்தில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்து மணிக்குப் புறப்படுவதென்றால் அது காலை ஐந்து மணியாக இருக்கட்டும்.

மிதிவண்டியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உடல்நலம் அன்று. காரில் போகிறவருக்கு நிலத்தின் மட்டம் தெரியாது. எஞ்சின் அதை மறைத்துவிடும். நடந்து போகிறவருக்குத் தெரியும். ஆனால் ஒரு மேட்டுக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையிலுள்ள தொடர்பு புலப்படுமுன் அவர் களைத்துவிடுவார். மிதிவண்டி ஓட்டுபவருடைய முழங்கால் மட்டக்கோல்போல் வேலை செய்யும். ஒரு மீட்டர் ஏற்ற இறக்கம் அங்கே பதிவாகும். தெற்கு அந்தமானின் அண்மைக்கால வரலாறு முழுவதும் அந்த ஒரு மீட்டருக்குள் அடங்கியிருப்பதால் இக்கருவி இங்கே பொருத்தமாகிறது.

முதலில் பெயர்கள். மொழியியல் படித்தவனின் பலவீனம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வளைகுடாவைச் சுற்றியுள்ள பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று: ஷோல்பே, டண்டாஸ் பாயின்ட், ஃப்ளாட் பே, பாம்பூஃப்ளாட், சிப்பிகாட், மீட்டாகாரி. ‘ஷோல்’ ஆழமற்ற நீர். ‘பாயின்ட்’ முனை. ‘காட்’ படித்துறை. ‘காரி’ கழிமுகத்து ஓடை. ‘மீட்டா’ இனிப்பு, அதாவது நன்னீர். இவை யாவும் படகின் மேல்தளத்தில் நின்றுகொண்டு கரையைப் பார்ப்பவன் இடும் பெயர்கள். எங்கே தரைதட்டும், எங்கே இறங்கலாம், எங்கே குடிநீர் கிடைக்கும் என்பதே அவன் கேள்வி. உள்ளே காடு எப்படி, மண் எப்படி என்பது அவனுக்குப் பிற்பாடுதான். சாலையில் வருகிற நமக்கு அப்பெயர்கள் தலைகீழாகக் கிடைக்கின்றன. துறை என்று பெயர் பெற்ற இடத்தை நாம் வயல்வெளியாகக் கடக்கிறோம். அல்லது 2004 வரை அப்படிக் கடந்தோம்.

‘சிப்பிகாட்’ பற்றி இடையில் ஒரு சொல். இந்தியில் ‘சீப்பி’, பிராகிருதத்தில் ‘சிப்பி’, நமக்கும் சிப்பி. இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் பொதுவாகிப்போன சொற்களில் இதுவும் ஒன்று. அந்தமானின் பொதுமொழியாகிய இந்துஸ்தானியில் ‘சிப்பித்துறை’ என்று பொருள்படும் இவ்வூர்ப்பெயர் தமிழ்க் காதில் ‘சிப்பிக்காடு’ என்று விழும். இரண்டு பொருளும் அந்த இடத்துக்குப் பழுதின்றிப் பொருந்துவது தற்செயல்.

நீரோரப் பெயர்களைக் கடந்து உள்ளே வந்தால் வேறொரு படிவு தெரியும். விம்பர்லிகஞ்ச், ஸ்டூவர்ட்கஞ்ச், ஃபெர்ரார்கஞ்ச், ரைட்மியோ, டெம்பிள்மியோ. முன்பாதி ஆங்கிலேய அதிகாரியின் பெயர். பின்பாதி, சந்தையைக் குறிக்கும் பாரசீக வழி இந்துஸ்தானிச் சொல், அல்லது நகரத்தைக் குறிக்கும் பர்மியச் சொல்லான ‘மியோ’. ஆளும் வர்க்கத்தின் பெயரோடு ஆளப்பட்டவரின் மொழியை ஒட்டவைத்த கூட்டுச்சொற்கள் இவை. ரிச்சர்ட் டெம்பிள் 1890களில் இக்குடியேற்றத்தின் நிர்வாகத்தை ஏற்றவர். ஃபெர்ரார் 1920களில் தலைமை ஆணையர். பர்மாவிலிருந்து எத்தனையோ பேர் இங்கே நாடுகடத்தப்பட்டனர் என்பதற்கு ‘மியோ’ இன்றும் சாட்சி சொல்கிறது. மலபாரிலிருந்து வந்த மாப்பிள்ளைமார் தங்கள் ஊர்ப்பெயர்களையே கொண்டுவந்தார்கள்: மலப்புரம், மஞ்சேரி, திரூர். இந்தப் படிவுகளுக்கெல்லாம் அடியில் ஒரு மொழி இருந்தது. இவ்வளைகுடாவைச் சுற்றி வாழ்ந்தவர்கள் ஆக்கா-பேயா பேசிய பெரிய அந்தமானியர். எட்வர்ட் ஹொரேஸ் மேன் தொகுத்த அம்மொழியின் அகராதி 1923இல் நூலாக வந்தபோது, அதைப் பேசியவர்கள் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தார்கள். அவர்கள் இந்தத் தட்டைநிலங்களில் நெல் விளைவிக்கவில்லை. சிப்பி பொறுக்கினார்கள், மீன் பிடித்தார்கள். அவர்கள் தின்று குவித்த சிப்பி ஓட்டு மேடுகள் தெற்கு அந்தமானின் கரைகளில் தொல்லியலாளருக்கு இன்றும் கிடைக்கின்றன. நிலத்தை மாற்றாமல் அதன்மீது வாழ்ந்தவர்களின் சான்று அது.

மாற்றியவர்கள் பின்னால் வந்தார்கள். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் தொடங்கிய முதல் குடியேற்றம் பிறகு வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோய்க்கும் சாவுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் 1796இல் கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு மீண்டும் தேவை வந்தது. 1858 மார்ச் 10 அன்று ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். சிறைத்தீவின் வரலாறு என்றதும் செல்லுலர் சிறையைத்தான் பேசுவோம். அது கட்டி முடிக்கப்பட்டது 1906இல். அதற்கு முன் அரை நூற்றாண்டுக் காலம் தண்டனை என்பது பெரும்பாலும் திறந்தவெளி உழைப்பு: காடு வெட்டுதல், கல் உடைத்தல், சதுப்பைத் தூர்த்தல். குறிப்பிட்ட ஆண்டுகளை ஒழுங்காகக் கழித்தவர்களுக்கு அனுமதிச்சீட்டுக் கொடுத்து, நிலம் தந்து, ‘செல்ஃப் சப்போர்ட்டர்’ என்ற பெயரில் ஊர்களில் குடியமர்த்தினார்கள். தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ளும் கைதி என்று பொருள். அரசுக்கு அதனால் செலவு மிச்சம். 1921க்குப் பின் மாப்பிள்ளைமார், வட இந்தியாவின் பாந்து சமூகத்தினர், விடுதலைக்குப் பிறகு கிழக்கு வங்கத்து அகதிகள், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பிய தமிழர், வேலை தேடி நேரடியாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் என அடுத்தடுத்து மக்கள் வந்தார்கள். நெல்லுக்கு ஏற்ற இடம் மட்டும் அப்படியே சிறிதாக இருந்தது. மேடு முழுவதும் காடு அல்லது பாக்கும் தென்னையும். நெல் என்றால் பள்ளத்தாக்கின் அடியிலும் கழியோரத்திலும்தான்.

கழியோரத்து வயல் எப்படி நிலைக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மீதியெல்லாம் இதன்மேல் நிற்கிறது. போர்ட் பிளேரில் பேரோதக் காலத்தில் கடலின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் வேறுபாடு உண்டு. உச்ச ஓதத்தைவிடச் சற்றே உயரமாகவோ சற்றே தாழ்வாகவோ இருக்கும் அலையாத்திச் சதுப்பைத் தேர்ந்து, மரங்களை வெட்டி, கடற்பக்கம் மண்ணணை எழுப்புவார்கள். அணையில் மதகு இருக்கும். ஓதம் ஏறும்போது அதை அடைத்து, இறங்கும்போது திறந்து மழைநீரை வடிப்பார்கள். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும். சில பருவங்களுக்குப் பிறகு அது வயலாகிவிடும். இந்த ஏற்பாட்டின் உயிர், வயலின் தரைமட்டம் இறங்கு ஓதத்தைவிட உயரமாக இருப்பதில் இருக்கிறது. அந்த உயரம் இருக்கும்வரை நீர் தானாக வடியும். கேரளத்துக் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறதே என்று கேட்கலாம். அங்கே நீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். இங்கே இறைக்கும் பழக்கமும் இல்லை, தேவையும் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 காலை, 9.1 அளவிலான நிலநடுக்கம் சுமத்ரா முதல் அந்தமான்வரை தட்டுவிளிம்பைப் பிளந்தது. அடுத்து வந்த அலையைப் பற்றி உலகம் அறியும். அலைக்கு முன்பே நிகழ்ந்ததைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். இந்தியத் தட்டு கிழக்கே நழுவி உட்புகும்போது அதன் மேலிருக்கும் நிலம் நூற்றாண்டுக்கணக்கில் அழுத்தப்பட்டு வளைந்திருக்கும். பூட்டு விடுபடும் நொடியில், கடலகழிக்கு அருகிலுள்ள விளிம்பு மேலே துள்ளும். அதற்குப் பின்னாலுள்ள பகுதி கீழே அமரும். வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் நீரைவிட்டு வெளியே உயர்ந்து வெயிலில் வெளுத்தன. போர்ட் பிளேர்ப் பகுதி சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையில் தாழ்வு 4 மீட்டருக்கும் மேல். ஓதவேறுபாடு 2 மீட்டர், தாழ்வு 1 மீட்டர் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூற்றாண்டுக் காலம் உச்ச ஓதத்தின் விளிம்பில் வாழ்ந்த வயல், ஒரே காலையில் நடு ஓதத்தின் மட்டத்துக்குப் போய்விட்டது. மதகு இருந்தாலும் பயனில்லை. நீர் வடிவதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிட்டது. சிப்பிகாட், ஒக்ராபிராஜ், சோல்தாரி, மீட்டாகாரி ஆகிய ஊர்களின் தாழ்நிலங்களில் உப்புநீர் வந்து தங்கியது.

நாகப்பட்டினத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கும் வயல்களில் கடல் புகுந்தது, உப்பு படிந்தது. ஆனால் நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. வடிகால் வெட்டி, மழைநீரைத் தேக்கிக் கழுவி, சில பருவங்களில் பல வயல்களை மீட்டுவிட்டார்கள். அந்தமானில் அலை ஒரு நாள் நிகழ்வு. தாழ்வு நாள்தோறும் இருமுறை நிகழ்வது. நம் பொதுப்பேச்சில் இரண்டும் ‘சுனாமி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டன. நிவாரணம், இழப்பீடு, மறுவாழ்வு என்று நாம் எழுதும் எல்லாமே முடிந்துபோன ஒரு பேரிடரைக் கருதி எழுதப்படுபவை. முடியாத ஒன்றுக்கு நம்மிடம் நிர்வாகச் சொல் இல்லை. இதை நான் சொல்லாய்வுக் குறைபாடாக மட்டும் கருதவில்லை.

இப்படி நிகழ்வது முதன்முறையும் அன்று. போர்ட் பிளேருக்குத் தெற்கே கிழக்குக் கரையில் ரங்காச்சாங் என்ற இடத்தில், ஓதவெளியில் புதைந்து நிற்கும் பழைய அலையாத்தி வேர்களைச் சி. பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் முதலிய புவியியலாளர்கள் ஆய்ந்து, ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் அக்கரை தாழ்ந்ததற்கான சான்றாக அவற்றை வாசித்திருக்கிறார்கள். தாழ்ந்த நிலம் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மெல்ல உயர்ந்து, வண்டல் சேர்ந்து, மறுபடி தட்டைநிலமாகியிருக்க வேண்டும். அந்த ‘ஃப்ளாட்’டைத்தான் கப்பலிலிருந்து பார்த்துப் பெயரிட்டார்கள், கைதிகளைக் கொண்டு அணையிட்டார்கள். நிலத்தின் கால அளவும் பட்டாவின் கால அளவும் வேறு என்பது அப்போது யாருக்கும் தெரிய வழியில்லை.

இனி மிதிவண்டிக்கு. வளையத்தின் வடபாதியில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து விம்பர்லிகஞ்ச் நோக்கிப் போகையில், வலப்புறம் மவுன்ட் ஹேரியட் மலைத்தொடர் கூடவே வரும். அதன் அடியில் கரையோரம் ஹோப்டவுன். 1872 பிப்ரவரி 8 அன்று மாலை, மலையிலிருந்து இறங்கிவந்த அரசப்பிரதிநிதி மேயோவை ஷேர் அலி அஃப்ரிதி குத்திக் கொன்ற துறை அது. வரலாற்றுப் பயணிகள் அங்கே இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்தேன். ஆனால் சாலை மேடேறி, இறங்கி, மறுபடி மேடேறும் அந்தத் தாளத்தில், ஒவ்வோர் இறக்கத்தின் முடிவிலும் வரும் சிறு சமதளமே என்னை அதிகம் நிறுத்தியது. அங்கெல்லாம் வயல் இருக்கிறது, அல்லது இருந்த அடையாளம் இருக்கிறது. ஃபெர்ரார்கஞ்சைத் தாண்டித் தெற்கே திரும்பி, சோல்தாரி, ஒக்ராபிராஜ் பக்கம் வரும்போது இறக்கத்தின் முடிவில் நீர்ப்பரப்பு வரத் தொடங்கும். சிப்பிகாட்டில் சாலையின் இருபுறமும் நீர். அங்கே நிலம் தாழ்ந்தபின் ஓதநேரத்தில் சாலையே மூழ்கியது, பிற்பாடுதான் உயர்த்தினார்கள். உயர்த்திய சாலையில் ஏறுவதை முழங்கால் சொல்லும்.

இறங்கு ஓதத்தில் போனால் பழைய வரப்புகள் கோடுகோடாக வெளியே வரும். வரப்பின் முதுகில் சற்று உயரம் கிடைப்பதால் அலையாத்திக் கன்றுகள் அங்கே முதலில் வேர்கொள்கின்றன. வரப்புகளின் சதுரக் கட்டங்கள் பச்சையில் வரையப்பட்டதுபோல் தெரிகின்றன. பட்டுப்போன தென்னைகளின் மொட்டைத் தண்டுகள் நிற்கின்றன. கழியின் கடற்பக்கத்தில் பழைய அலையாத்திகள் நீரின் ஆழம் தாங்காமல் நின்றபடியே பட்டுப்போக, உள்ளே வயல்களில் புதிய அலையாத்தி முளைத்தது. காடு நிலத்தை நோக்கி ஓரடி எடுத்துவைத்திருக்கிறது. பறவைகள் வந்தன. சீழ்க்கைச் சிறகி, நீலத் தாழைக்கோழி, குருகுகள், குளிர்காலத்தில் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும். அந்தமானுக்கே உரிய அந்தமான் கிளுவையைக் காணப் பறவை நோக்குநர்கள் சிப்பிகாட்டுக்கு வருகிறார்கள். மருதம் நெய்தலாகத் திரிந்த நிலம் என்று திணைக்கோட்பாட்டு மாணவர் எழுதலாம். வேனிலில் மலைநிலமும் காட்டுநிலமும் இயல்பு கெட்டுப் பாலை வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. வயல் ஒரே காலையில் கழியாவதைப் பழம்புலவர்கள் தனித்திணையாக்கவில்லை.

ஒக்ராபிராஜ் அருகே, சாலையோரம் மிதிவண்டியை நிறுத்திவிட்டுப் பறவை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு முதியவரிடம், ‘ஐயா, இந்த ஏரிக்குப் பேர் என்ன?’ என்று கேட்டேன். ‘ஏரி இல்ல தம்பி, இது எங்க கேத்து’ என்றார். ‘கேத்’ என்பது வயலுக்கான இந்திச் சொல். அந்தமான் தமிழில் அது இயல்பாகக் கலந்துவிட்டது. அவர் நிகழ்காலத்தில் சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டேன். நாற்பது அடி தொலைவில் சிறகிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

இந்த இடத்தில் உல்லாசப் பயணம் என்பதைப் பற்றிச் சிறிது யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழர் வாழ்வில் சைக்கிள் பெரும்பாலும் வேலைக்கான வண்டி: பால்கேன், இளநீர்க் குலை, ஐஸ் பெட்டி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றதும் எங்கோ சுற்றிப்பார்க்க அன்று. தம் வேலைக்குத் தாமே போய்வர. கண்மாய்களும் ஏரிகளுமான அந்தத் தட்டை மாவட்டத்தில் அவர்கள் ஓட்டிய தொலைவை யாரும் ‘டூரிங்’ என்று அழைக்கவில்லை. நீர்வெளியைக் காட்சியாகக் கண்டு மெதுவாக ஓட்டிச் செல்வது நெதர்லாந்திலும் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலும் வளர்ந்த பழக்கம். அதில் குறை காண நான் வரவில்லை. நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் நார்ஃபோக்கின் கதை நமக்குப் பயன்படும். அங்குள்ள ‘பிராட்ஸ்’ எனப்படும் ஏரிகளை இயற்கையானவை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் ஏரிப்படுகைகளில் துளையிட்டு, கரைகள் செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு, அவை இடைக்கால மக்கள் எரிபொருளுக்காகக் கரி மண் தோண்டிய குழிகள், பிறகு வெள்ளம் ஏறி ஏரியானவை என்று நிறுவினார். அந்த உழைப்பாளிகளின் பெயரை இன்று படகிலோ மிதிவண்டியிலோ போகும் எவரும் அறியமாட்டார்கள். ஏழு நூற்றாண்டு கடந்தால் அப்படித்தான் ஆகும். சிப்பிகாட்டில் கடந்திருப்பது இருபது ஆண்டுகளே. உழுதவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வயல் இயற்கைக் காட்சியாகிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தின் மொழியிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. 1971இல் உருவான ராம்சார் உடன்படிக்கையின் வரையறை அகலமானது. செயற்கை நீர்நிலைகளும், இறங்கு ஓதத்தில் 6 மீட்டர் ஆழம்வரையுள்ள கடல்நீரும் அதில் அடங்கும். நெல்வயலும் அதற்கு ஈரநிலமே. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ நெல்வயலை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாக விலக்குகின்றன. அப்படியானால் ஆவணத்தில் நெல்வயலாகவும் கண்ணுக்குக் கழியாகவும் இருக்கும் ஒரு துண்டு நிலம் எது? வயல் என்றால் கிளுவைக்குப் பாதுகாப்பில்லை. யார் வேண்டுமானாலும் மண் கொட்டி உயர்த்தி வீடு கட்டலாம் என்ற வாதம் எழும். ஈரநிலம் என்றால் அந்த முதியவரின் நிகழ்காலம் செல்லாததாகிவிடும். பாதுகாப்பு ஆர்வலர்கள் முதல் ஆபத்தை நன்றாகவே எடுத்துச் சொல்கிறார்கள். இரண்டாவதைச் சொல்ல ஆளில்லை. என் தரப்பைக் கேட்டால், உரிமையை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடு கொடுத்து, அதன்பிறகே ஈரநிலம் என்று எழுத வேண்டும் என்பேன். பறவையைக் காட்டி உழவரின் பெயரை அழிப்பதும், உழவரைக் காட்டி மனைத்தரகருக்கு வழிவிடுவதும் ஒரே அலுவலக மேசையில் நடக்கக்கூடியவை.

இதற்கிடையில் பெயர்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. 2018இல் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவானது. 1891 போருக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மணிப்பூர் மன்னரையும் மற்றவர்களையும் நினைவுகூர்ந்து 2021இல் மவுன்ட் ஹேரியட் மவுன்ட் மணிப்பூரானது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரமானது. பெரிய பெயர்களை மாற்ற அரசாணை போதும். விம்பர்லிகஞ்சையும் ரைட்மியோவையும் இதுவரை யாரும் தொடவில்லை. தொடாமல் இருந்தால் நல்லது, ஏனெனில் அங்கே உழைத்தவர்களின் மொழி அந்தப் பின்னொட்டுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நீருக்குள் போன வயல்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்திருக்க வேண்டும். எந்த நெல்வெளியிலும் ஒவ்வொரு தடிக்கும் உழுதவர் வாயில் ஒரு பெயர் உண்டு. அவை வருவாய்த்துறை ஏட்டில் எண்களாகவே இருக்கும். இந்தி, வங்காளம், மலையாளம், தமிழ் என நான்கு மொழிகளில் அப்பெயர்களைக் கேட்டு எழுதும் வேலையை இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறேன். இப்பகுதிகளில் 2004க்கு முன் வயல் வைத்திருந்த குடும்பங்களை அறிந்த மாணவர்கள் யாரேனும் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடிந்திருக்கும் காலைகளில், வரப்புகள் தெரியும்போதே போக வேண்டும். எந்தக் கட்டம் எவருடையது என்று கைநீட்டிக் காட்ட அப்போதுதான் முடிகிறது.